சூரியன் மறைஞ்ச பிறகும் சோலார் கரண்ட்! உப்பை உருக்கி இரவைச் சமாளிக்கும் மின் நிலையங்கள்... எப்படி சாத்தியம்?

சாயங்காலம் ஆறரை மணி. வீட்டுக்கு வந்ததும் லைட், ஃபேன், ஏசி என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஆன் ஆகும். கரண்ட் தேவை எகிறும் அந்த நேரத்தில்தான் சோலார் பேனல்கள் கையை விரிக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கிறது. ஆனால் பொழுது சாய்ந்தால் உற்பத்தி பூஜ்யம்தான்.

பேட்டரி இதற்கு ஒரு வழி. இன்னொரு வழி, கரண்டுக்குப் பதிலாகச் சூட்டைச் சேமிப்பது. காபியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைக்கிறோமே, அந்த மாதிரி.

ஃபிளாஸ்க்குக்குள்ள என்ன இருக்கு?

ஸ்பெயினின் செவில் நகரம் இருக்கும் மாகாணத்தில் 2011-ல் இயங்கத் தொடங்கியது கெமாசோலார் மின் நிலையம். நடுவில் 140 மீட்டர் உயரக் கோபுரம். அதைச் சுற்றி 2,650 கண்ணாடிகள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரை கிரவுண்டு சைஸ்! சூரியன் நகர நகர இவையும் திரும்பி, வெயிலைக் கோபுர உச்சியில் குவிக்கும். சின்ன வயதில் பூதக்கண்ணாடி வைத்துக் காகிதம் கொளுத்தியிருப்போமே, அதே வேலைதான்.

உச்சியில் உள்ள குழாய்களில் ஓடுவது உருகிய உப்பு. சமையல் உப்பு இல்லீங்க. சோடியம் நைட்ரேட் 60 சதவீதம், பொட்டாசியம் நைட்ரேட் 40 சதவீதம். இரண்டுமே உரமாகவும் பயன்படுபவைதான். 290 டிகிரி செல்சியஸில் மேலே ஏறும் உப்பு, 565 டிகிரியில் இறங்கி ஒரு பெரிய தொட்டியில் சேரும். கரண்ட் தேவைப்படும்போது அந்தச் சூட்டில் தண்ணீரை ஆவியாக்கி டர்பைனைச் சுற்றுவார்கள். சூடு குறைந்த உப்பு இன்னொரு தொட்டிக்குப் போய், மறுநாள் வெயிலுக்குக் காத்திருக்கும்.

தொட்டி நிறைந்திருந்தால் வெயிலே இல்லாமல் 15 மணி நேரம் ஓட்டலாம். 2013-ல் தொடர்ந்து 36 நாட்கள் இரவு பகலாக கரண்ட் கொடுத்தது கெமாசோலார். அளவு என்னவோ வெறும் 20 மெகாவாட்தான். ஆனாலும், சூரியனை வைத்து ராத்திரியிலும் கரண்ட் தர முடியும் என்று காட்டிவிட்டது.

அப்புறம் ஏன் ஊருக்கு ஊர் வரலை?

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் இதைப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். கிரசென்ட் டியூன்ஸ், 110 மெகாவாட், 10 மணி நேரச் சேமிப்பு. 2016-ல் சூட்டு உப்புத் தொட்டி கசிந்தது. எட்டு மாதம் போல உற்பத்தியே இல்லை. 2019-ல் மின்சாரம் வாங்கிய நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2020-ல் திவால்.

சிக்கல் உப்பை விட தொட்டியில்தான் அதிகம். சூடு ஏற இறங்க இரும்புத் தகடு விரிந்து சுருங்கும். மேலே ஆயிரக்கணக்கான டன் உப்பு அமுக்கிக்கொண்டிருக்கும்போது அடித்தகடு எங்கே நகரும்? அந்த அழுத்தம் வெல்டிங்கைப் பதம் பார்க்கும். சூடு ரொம்பக் குறைந்தாலும் வம்பு. சுமார் 220 டிகிரிக்குக் கீழே போனால் உப்பு குழாய்க்குள்ளேயே கல்லாக உறைந்துவிடும்.

வெயிலும் எந்த வெயிலாக இருந்தாலும் போதாது. மங்கலான வானத்திலும் பேனல் கொஞ்சம் கரண்ட் தரும். கண்ணாடிக்கு நேரடி வெயில் வேண்டும். மேகமோ புழுதியோ மறைத்தால் குவிக்க முடியாது. அதனால்தான் இந்த நிலையங்கள் வறண்ட பூமியாகப் பார்த்து வருகின்றன.

துபாய் போட்ட கணக்கு

எல்லாவற்றுக்கும் மேல, விலை. துபாயில் ஒரே சோலார் பூங்காவுக்குள் இரண்டு ரேட் இருக்கிறது. பேனல் கரண்ட் யூனிட்டுக்கு சுமார் 1.7 அமெரிக்க சென்ட். உப்பில் சூட்டைச் சேமித்துத் தரும் கரண்ட் 7.3 சென்ட். நாலு மடங்குக்கும் மேல்!

அப்படியும் துபாய் 700 மெகாவாட்டுக்கு இந்த நிலையத்தைக் கட்டியது. பகலில் மலிவான பேனல், இரவில் உப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பகல் ரேட்டோடு இரவு ரேட்டை ஒப்பிடுவதே சரியில்லை என்பது இவர்களுடைய வாதம். நியாயம்தான். ஆனால் இரவு ரேட்டில் போட்டிக்கு பேட்டரியும் நிற்கிறது, அதன் விலையோ இறங்கிக்கொண்டே வருகிறது. நாலைந்து மணி நேரத்துக்கு என்றால் பேட்டரி கை ஓங்குகிறது. ராத்திரி முழுக்க என்றால்தான் உப்புக்கு வாய்ப்பு.

இந்தியாவில் ராஜஸ்தானின் துர்சாரில் 125 மெகாவாட் சோலார் வெப்ப மின் நிலையம் 2014-ல் வந்தது. கண்ணாடி இருக்கிறது, டர்பைன் இருக்கிறது. உப்புத் தொட்டி மட்டும் வைக்கவில்லை.