முதலில் வந்த ஆம்புலன்ஸ் ஏன் உடனே கிளம்புவதில்லை?

2023, நவம்பர் 4. சனிக்கிழமை இரவு. புதுச்சேரி காலாப்பட்டில் மருந்து ஆலை ஒன்றில் வெடிவிபத்து. 14 தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். பிம்ஸ் மருத்துவமனை காலாப்பட்டிலேயே இருந்தது பெரிய ஆறுதல்.

14 பேர் என்பது பேரிடரா? அவசர மருத்துவத் துறையினர் தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. அங்கே இருக்கும் கைகளையும் எண்ணுகிறார்கள். ஒரு 108 வண்டியில் ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். இரண்டு பேருக்கு முன்னால் 14 பேர் கிடந்தால், அந்த நிமிடத்தில் அது பேரிடர்தான்.

நான்கு நிறங்கள்

அப்படிப்பட்ட இடத்துக்கு முதலில் வரும் குழு, கண்ணில் பட்டவரை ஏற்றிக்கொண்டு பறந்துவிடக் கூடாது என்பது பேரிடர் மருத்துவத்தின் பாலபாடம். எத்தனை பேர், என்ன காயம், இன்னும் எத்தனை வண்டி வேண்டும் என்று தகவல் சொல்லிவிட்டு, காயமடைந்தவர்களைத் தரம் பிரிக்க வேண்டும். இதற்கு ‘ட்ரியாஜ்’ என்று பெயர். புதுச்சேரிக்குப் பழக்கமான பிரெஞ்சு மொழிச் சொல்தான்.

சிவப்பு அட்டை என்றால் உடனே சிகிச்சை. மஞ்சள் என்றால் சற்றுப் பொறுக்கலாம். பச்சை, நடக்க முடிந்தவர்களுக்கு. கறுப்பு, இறந்தவர்களுக்கும், இருக்கிற வசதியில் காப்பாற்ற முடியாதவர்களுக்கும். அலறுகிறவரைவிட, அலறக்கூட முடியாமல் கிடப்பவருக்கே முதலிடம். “எங்க பிள்ளையை ஏன் விட்டுட்டுப் போறீங்க?” என்று உறவினர்கள் கொதிப்பது இந்த இடத்தில்தான். அது அலட்சியம் அல்ல, கணக்கு.

ஒரே சாலை

காலாப்பட்டிலிருந்து நகருக்கு கிழக்குக் கடற்கரைச் சாலைதான் பிரதான வழி. இடையில் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று தமிழகப் பகுதிகள் வேறு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை வெள்ளத்தில் மிதக்கவிட்டது. சாலை அடைபட்டால் வண்டி வரத் தாமதமாகும். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல் உதவியாளர்.

நாம் செய்ய வேண்டியது

* 108-க்குப் பேசும்போது இடத்தின் அடையாளம், காயமடைந்தவர்களின் எண்ணிக்கை, தீயா, வாயுக் கசிவா, மின்சாரமா, எந்த வழி திறந்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

* கசிவு, அறுந்த மின்கம்பி இருந்தால் அருகில் போகாதீர்கள்.

* ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள்.

* லேசான காயத்துக்காக, பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டமாக ஓடாதீர்கள். அந்தப் படுக்கை ஒரு சிவப்பு அட்டைக்காரருக்குத் தேவைப்படலாம்.