நன்னடத்தைப் பிணையில் உள்ளவரை வேலைக்கு வைக்கலாமா?

"தென்னந்தோப்புக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறேன். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வேலை கேட்கிறான். அடிதடி வழக்கில் குற்றம் உறுதியாகி, நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டிருக்கிறது. வேலை கொடுத்தால் எனக்கு வம்பு வருமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வராது. வேலை கொடுப்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் தவிர்த்த மற்ற வழக்குகளில், ஆளின் வயது, குணம், சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் இப்படி விடலாம். 3 ஆண்டுகள் வரை ஒழுங்காக இருப்பதாக அவர் பிணைப்பத்திரம் எழுதித் தருவார். நீதிமன்றம் உத்தரவிட்டால் நன்னடத்தை அலுவலர் அவரைக் கண்காணிப்பார். தேவைப்பட்டால் அவருக்கு வேலை தேடித் தர முயல்வதும் அந்த அலுவலரின் கடமை என்கிறது 14-ஆம் பிரிவு. ஆகவே, ஆள் தேவைப்படும் விவசாயி தானாகவே அந்த அலுவலரைப் பார்த்துப் பேசலாம்.

பரோல் வேறு. பரோலில் வருபவர் தண்டனைக்கு நடுவே விடுப்பில் வருபவர். குறித்த நாளில் சிறைக்குத் திரும்பியாக வேண்டும். அவரை நம்பி ஒரு பருவத்து வேலையை ஒப்படைக்க முடியாது.

நன்னடத்தைப் பிணையில் உள்ளவரை வேலைக்கு வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• பிணை நிபந்தனைகளை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மது தொடக் கூடாது, இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்றெல்லாம் இருக்கலாம். வேலை முடிந்ததும் 'குவார்ட்டருக்கு' என்று காசு கொடுக்கும் பழக்கம் இங்கே வேண்டாம்.

• அலுவலரைப் பார்க்க வேண்டிய நாளில், அறுவடையே நடந்தாலும் அனுப்பிவிடுங்கள். வெளியூர் அறுவடைக்கு அழைத்துப் போவதானால் முன்கூட்டியே அலுவலரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

• வழக்கைக் காட்டிக் கூலியைக் குறைக்காதீர்கள். மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதையே, வாரம் தவறாமல் கொடுங்கள்.

• மோட்டார் ஒயர் காணாமல் போனால் எடுத்த எடுப்பில் அவர்மேல் பழி போடாதீர்கள். எல்லோரையும் விசாரிப்பதுபோல் அவரையும் விசாரியுங்கள்.

• அவருடைய வழக்கை டீக்கடைப் பேச்சாக்காதீர்கள்.

நிபந்தனையை மீறினால், பழைய குற்றத்துக்கே நீதிமன்றம் தண்டனை விதிக்க முடியும். கையில் வேலையும் வாரக் கூலியும் இருப்பவர் அந்த வழிக்குப் போகும் வாய்ப்பு குறைவு.

தொழில் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டத்தில், கருவி மூலம் மரம் ஏறக் கற்றுத் தருகிறார்கள். அடுத்த பயிற்சி எப்போது என்று உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் ஆடு, கறவை மாடு வளர்ப்புக்கு இலவசப் பயிற்சி உண்டு.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒரு யோசனை: பையனையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை நன்னடத்தை அலுவலரைப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த காய்வெட்டுக்கு ஆள் தேடி நீங்கள் அலைய வேண்டியிருக்காது.