3%-லிருந்து 42%: இலங்கையில் இடதுசாரி வேட்பாளர் ஜெயிச்சது எப்படி? கும்மிடிப்பூண்டி முகாமுக்கு இதில் என்ன இருக்கு?

சென்னை சென்ட்ரலில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் வடக்கே கும்மிடிப்பூண்டி. ஊர் பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் சிப்காட் கம்பெனிகள்தான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டின் பெரிய இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் ஒன்று இருப்பதும் இதே ஊரில்தான்.

2024-ல் இரண்டு பெரிய தேர்தல்கள் நடந்தன. ஏப்ரல் 19-ல் தமிழ்நாட்டில் லோக்சபா தேர்தல். செப்டம்பர் 21-ல் இலங்கையில் அதிபர் தேர்தல். முகாமில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த இரண்டு தேர்தலிலுமே ஓட்டு இல்லை.

அவர்கள் ஓட்டு போட முடியாத அந்த இலங்கைத் தேர்தலில்தான், அதற்கு முந்தைய தேர்தலில் வெறும் 3% வாங்கிய ஒரு இடதுசாரி வேட்பாளர் நாட்டின் அதிபர் ஆனார். இது எப்படி நடந்தது? இந்தியாவில் இப்படி நடக்குமா? முகாம் மக்களுக்கு இதனால் என்ன மாறியது? பார்க்கலாம்.

முக்கிய அம்சங்கள்

• அநுர குமார திசாநாயக்க 2019-ல் வாங்கியது 4.18 லட்சம் ஓட்டு (3.16%). 2024-ல் 56.34 லட்சம் ஓட்டு (42.31%).

• அவர் அதிபரானபோது அவரது கூட்டணிக்கு 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 3 எம்.பி.க்கள்தான்.

• எதிர்த்து நின்ற இரண்டு பெரிய தலைவர்களின் ஓட்டைக் கூட்டினால் அவரைவிட அதிகம்.

• இந்தியாவில் 3 எம்.பி. வைத்திருக்கும் கட்சி இப்படி ஆட்சியைப் பிடிக்க வழி இல்லை. காரணம், தேர்தல் முறை.

யார் இந்த அநுர? 'வெளியாள்' என்று ஏன் சொல்றாங்க?

அரசியலுக்கு அவர் புதுமுகம் கிடையாது. 2000-லிருந்து எம்.பி.யாக இருந்தவர். 2004-ல் கொஞ்ச காலம் விவசாய அமைச்சராகவும் இருந்தார். அப்புறம் எப்படி வெளியாள்?

2024-ல் அவரை எதிர்த்து நின்றவர்களைப் பாருங்க. ரணில் விக்ரமசிங்க, முன்னாள் அதிபர் ஜெயவர்தனவின் நெருங்கிய உறவினர். சஜித் பிரேமதாச, முன்னாள் அதிபர் பிரேமதாசவின் மகன். நாமல் ராஜபக்ச, முன்னாள் அதிபர் மகிந்த ராஜபக்சவின் மகன். அநுரவோ அநுராதபுரம் மாவட்டம் தம்புத்தேகமவில் சாதாரண குடும்பத்தில் வளர்ந்தவர். ஆட்சியைக் கைமாற்றிக்கொண்டே வந்த குடும்பங்களுக்கு அவர் வெளியாள்.

அவரது கட்சியான ஜேவிபிக்கு (மக்கள் விடுதலை முன்னணி) ரத்தக்கறை படிந்த வரலாறு உண்டு. 1965-ல் ரோகண விஜேவீர தொடங்கிய கட்சி இது. 1971-லும், 1987 முதல் 1989 வரையிலும் இரண்டு முறை ஆயுதக் கிளர்ச்சி நடத்தியது. இரண்டையும் அரசு கடுமையாக நசுக்கியது. ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின. நடுவே 1982 அதிபர் தேர்தலில் நின்ற விஜேவீர வாங்கியது 4% சொச்சம்தான்.

2019-ல் ஜேவிபி தன் முகத்தை மாற்றியது. பேராசிரியர்கள், பெண்கள் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், சின்னச் சின்ன குழுக்கள் எல்லாம் சேர்ந்து 'தேசிய மக்கள் சக்தி' என்ற கூட்டணி ஆனது. பழைய மணி சின்னத்துக்குப் பதிலாக திசைகாட்டி வந்தது. மேடைப் பேச்சில் புரட்சி குறைந்து, ஊழல் ஒழிப்பு முன்னுக்கு வந்தது. ஆனாலும் அந்த வருட அதிபர் தேர்தலில் கிடைத்தது 3% தான். அடுத்த வருட நாடாளுமன்றத் தேர்தலில் 3 சீட்.

3% எப்படி 42% ஆச்சு?

ஒரே காரணம் சொல்லணும்னா, 2022.

வரிக்குறைப்பு, கடன் சுமை, கொரோனாவால் படுத்த சுற்றுலா, 2021-ல் திடீரென்று வந்த ரசாயன உரத் தடை என எல்லாம் சேர்ந்து இலங்கையின் டாலர் கையிருப்பைக் காலி செய்தன. பெட்ரோலுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நாள்கணக்கில் கியூ. பல மணி நேர மின்வெட்டு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. அந்த வருடம்தான், பல வருடம் கழித்து, தமிழ்க் குடும்பங்கள் மறுபடியும் படகேறி தனுஷ்கோடி பக்கம் வந்து இறங்கின.

ஜூலையில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள். கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டே ஓடினார்.

அடுத்து நடந்ததுதான் திருப்பம். மக்கள் புதுசா ஒருத்தரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு வரவில்லை. நாடாளுமன்றமே 134 ஓட்டுகளில் ரணிலை அதிபர் ஆக்கியது. அவர் கட்சிக்கு அப்போது இருந்தது ஒரே ஒரு எம்.பி., அதுவும் அவர்தான். அவருக்கு ஓட்டு போட்டவர்களில் பெரும்பாலானோர் ராஜபக்ச கட்சிக்காரர்கள். 'இத்தனை வருஷம் எதிரெதிரே நின்றவர்கள் கஷ்டம் வந்ததும் ஒண்ணாயிட்டாங்க' என்ற எண்ணம் மக்களிடம் பதிந்தது இங்கேதான்.

ரணில் ஐ.எம்.எஃப். உதவியோடு கியூக்களைக் குறைத்தார். ஆனால் வரியும் கரண்ட் பில்லும் ஏறின. கோபம் குறையவில்லை. இரண்டு பக்கமும் சேராமல், கையில் ஒரு அமைப்போடு தயாராக இருந்தவர் அநுர. ஐந்து வருடமாக ஊர் ஊராக கமிட்டி போட்டு வைத்திருந்த கூட்டணிக்கு அந்தக் கோபத்தை ஓட்டாக மாற்றத் தெரிந்திருந்தது.

பாதிப் பேர்கூட ஓட்டு போடலையே, அப்புறம் எப்படி ஜெயிச்சார்?

இதுதான் பலருக்குப் புரியாத இடம். இலங்கையில் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாடு முழுக்க ஒரே தொகுதி மாதிரி. ஓட்டுச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடலாம். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் 50% தாண்டவில்லை என்றால், முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் மட்டும் களத்தில் நிற்பார்கள். மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டுச்சீட்டுகளில் 2, 3 யாருக்கு என்று பார்த்து, அந்த ஓட்டுகளை இந்த இருவருக்கும் சேர்ப்பார்கள்.

2024 முதல் சுற்று முடிவு:

• அநுர: 42.31%
• சஜித்: 32.76%
• ரணில்: 17.27%
• நாமல்: 2.57%

சஜித்தும் ரணிலும் முன்பு ஒரே கட்சி. 2020-ல் சஜித் பிரிந்து போய் தனிக்கட்சி கண்டார். இருவர் ஓட்டையும் கூட்டினால் 50%. ஒன்றாக நின்றிருந்தால் கதை வேற மாதிரி போயிருக்கலாம்.

சரி, விருப்ப ஓட்டு அந்தப் பிரிவைச் சரிசெய்திருக்க வேண்டாமா? அங்கேதான் விஷயமே. இலங்கை வரலாற்றிலேயே முதல் முறையாக இரண்டாவது சுற்று எண்ணிக்கை நடந்தது. முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டு சுமார் 33 லட்சம். அதிலிருந்து சஜித்துக்குச் சேர்ந்தது 1.68 லட்சம், அநுரவுக்கு 1.05 லட்சம். அவ்வளவுதான். மிச்சம் 30 லட்சம் சீட்டுகள் இருவரில் யாருக்குமே உதவவில்லை. பழக்கமில்லாததால் பெரும்பாலானோர் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

ஆக, 42% ஜெயிக்கப் போதுமானதாக இருந்ததற்கு எதிரணி பிளவு ஒரு பெரிய காரணம். ஆனால் அந்தப் பிளவு இருந்தும் 2019 மாதிரி 3% வாங்கியிருந்தால் எதுவும் நடந்திருக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்தது.

தமிழர்கள் ஓட்டு யாருக்கு?

அதிபர் தேர்தலில் வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் எல்லாவற்றிலும் முதலிடம் சஜித்துக்குத்தான். யாழ்ப்பாணத்தில் அநுரவுக்குக் கிடைத்தது சுமார் 7%. அங்கே தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரன் இரண்டாம் இடம்.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை ஜேவிபி கடுமையாக எதிர்த்தது. சுனாமி நிவாரணத்தைப் புலிகளோடு சேர்ந்து பகிரும் திட்டத்தை எதிர்த்து 2005-ல் அரசிலிருந்தே வெளியேறியது. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரித்த 2006 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னாலும் அந்தக் கட்சி இருந்தது. இதெல்லாம் தமிழர்கள் மறக்கக்கூடிய விஷயமா?

ஆனால் 54 நாள் கழித்து, நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. தேசிய மக்கள் சக்தி நாடு முழுக்க 159 சீட். யாழ்ப்பாணம் மாவட்டத்தில் 6-ல் 3 சீட்டோடு முதலிடம்! இங்கேயும் அதே கணக்குதான். கிட்டத்தட்ட கால்வாசி ஓட்டுதான் வாங்கியது. தமிழ்க் கட்சிகள் பல துண்டாகி நின்றதில் அதுவே முதலிடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

அதை நிரந்தரம் என்று நினைக்கக் கூடாது. 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் வடக்கில் தமிழரசுக் கட்சியின் கை மறுபடியும் ஓங்கியது.

இதே மாதிரி வேற எங்க நடந்திருக்கு?

சிலியில் மாணவர் தலைவராக இருந்த கேப்ரியல் போரிக் 2021-ல் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். கொலம்பியாவில் முன்னாள் கொரில்லாவான குஸ்தாவோ பெட்ரோ 2022-ல் ஜெயித்தார். இரண்டு நாட்டிலும் தேர்தலுக்கு முன்பே பெரிய மக்கள் போராட்டம் வெடித்திருந்தது. இரண்டிலும் அதிபருக்கு நேரடி ஓட்டு. இலங்கையோடு ஒத்துப்போகுது இல்லையா?

எதிர் உதாரணம் பிரிட்டன். 2017-ல் ஜெரமி கோர்பின் தலைமையில் தொழிற்கட்சி 40% வாங்கியும் ஆட்சி கிடைக்கவில்லை. அங்கே இந்தியா மாதிரியே நாடாளுமன்ற முறை. மொத்த ஓட்டைவிட தொகுதிக் கணக்குதான் பேசும்.

இந்தியாவில் இது நடக்குமா?

கும்மிடிப்பூண்டி சட்டமன்றத் தொகுதி, திருவள்ளூர் (தனி) லோக்சபா தொகுதிக்குள் வருகிறது. தொழிற்பேட்டை கேட்டில் செங்கொடி பார்ப்பது இங்கே புதுசு இல்லை. ஆனால் லோக்சபா தேர்தல் என்றால் கூட்டணிக் கணக்குதான். 2024-ல் திமுக கூட்டணியில் நின்ற காங்கிரஸ் இங்கே ஜெயித்தது.

இந்தியாவில் பிரதமருக்கு யாரும் நேரடியாக ஓட்டு போடுவதில்லை. 543-ல் 272 எம்.பி. வேணும். 2024-ல் சிபிஎம் 4, சிபிஐ 2, சிபிஐ (எம்எல்) 2 என மூன்று கட்சிக்கும் சேர்த்தே 8 சீட். அதில் மதுரை, திண்டுக்கல், நாகப்பட்டினம், திருப்பூர் என 4 தமிழ்நாட்டில் கிடைத்தவை, அதுவும் திமுக கூட்டணியில். இடதுசாரிகளின் நல்ல காலமான 2004-ல்கூட 60-ஐத் தொடவில்லை.

பிரதமர் நாற்காலி ஒருமுறை பக்கத்தில் வந்தது. 1996-ல் ஐக்கிய முன்னணி ஜோதிபாசுவை அழைத்தது. அவர் கட்சியே வேண்டாம் என்றது. அதை 'வரலாற்றுப் பிழை' என்று அவரே பின்னாளில் சொன்னார்.

ஆக, ஒரு தலைவர் மேல் அலை அடித்தால் போதும் என்பது இலங்கை முறை. அந்த அலை 272 தொகுதியில் தனித்தனியாக அடிக்கணும் என்பது இந்திய முறை.

முகாமில் இருப்பவர்களுக்கு என்ன மாறுச்சு?

தமிழ்நாடு முழுக்க முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பலருக்கு பெயின்ட் வேலை, கட்டட வேலை என்று தினக்கூலிதான் வருமானம். அவர்கள் நிலை இதுதான்:

• இலங்கையில் ஓட்டு: வெளிநாட்டில் இருந்தபடி ஓட்டு போட வசதி இல்லை. பட்டியலில் பேர் இருந்து, நேரில் போனால்தான் உண்டு.

• இந்தியாவில் ஓட்டு: குடியுரிமை வேணும். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிறப்பால் குடியுரிமை உண்டு. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். அதனால் 1990-களில் முகாமில் பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்த தலைமுறை வெளியே நிற்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்கள் இல்லை.

• சின்ன நிம்மதி: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்று நடவடிக்கை இருக்காது என மத்திய அரசு 2025 செப்டம்பரில் உத்தரவு போட்டது. இது தண்டனையிலிருந்து விலக்கு. குடியுரிமை கிடையாது.

திரும்பிப் போகலாமா? 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பு வழியாகவே தமிழ்நாட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒரு முதியவரை யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். காரணம், அந்தக் காலத்தில் முறையான ஆவணம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனது! பிறகு ஜாமீன் கிடைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும், இந்த நடைமுறையை மாற்றுவோம் என்று அரசுத் தரப்பு சொன்னது. அதிபர் மாறினாலும், ஏர்போர்ட் கவுன்டரில் இருந்த பழைய சட்டம் அப்படியேதான் இருந்தது.

கடைசியா, ஒரு இடதுசாரி வெளியாள் ஜெயிக்க முடியுமா?

முடியும். அதற்கு மூன்று விஷயம் ஒரே நேரத்தில் சேரணும் என்கிறது இலங்கை: பழைய கட்சிகள் மேல் மொத்தமாக நம்பிக்கை போகணும், அவை பிரிந்து நிற்கணும், மாற்றாக நிற்பவரிடம் ஊர் ஊராக ஆள் இருக்கணும். நேரடித் தேர்தல் முறை இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

கும்மிடிப்பூண்டி முகாமில் இருப்பவர்களுக்கோ கேள்வி இன்னும் அடிப்படையானது. யார் ஜெயிப்பார் என்பதற்கு முன்னால், தாங்கள் எந்த நாட்டின் வாக்காளர் என்று தெரியணும். அதற்கான பதில் கொழும்பிலும் டெல்லியிலும் தேர்தல் முடிந்த பிறகு வரவேண்டியது. இன்னும் வரவில்லை.