இயல்பறிந்து பேசுதல்

ஒரு தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகளும் ஒரே குணமுடையவர்களாக இருப்பதில்லை. ஒருவன் சொல்லி முடிக்குமுன்னே ஓடுவான்; மற்றவன் நின்று சிந்தித்த பிறகே அடியெடுத்து வைப்பான். ஒருத்தி மனத்தில் பட்டதை வெளிப்படையாகப் பேசுவாள். மற்றவள் உள்ளேயே வைத்துப் புழுங்குவாள். வீட்டில் இவ்வேறுபாட்டை அன்பினால் பொறுத்துக் கொள்கிறோம். அலுவலகத்திலோ, கடையிலோ, தொழிற்கூடத்திலோ இதே வேறுபாட்டைக் காணும்போது மட்டும் அதனைக் குற்றம் என்று தீர்ப்பளித்து விடுகிறோம். நிதானமானவரைச் சோம்பேறி என்கிறோம். விரைவானவரைப் பொறுப்பற்றவர் என்கிறோம். கூச்சமுடையவரைக் கர்வம் பிடித்தவர் என்கிறோம். பணியிடங்களில் மூளும் மனக்கசப்புகளில் பல, இத்தகைய தவறான கணிப்பினால் விளைபவையே.

மக்களிடையே காணும் இவ்வேறுபாடு இறைவனின் படைப்பிலேயே அமைந்ததாகும். பூமியின் பல பகுதிகளிலிருந்தும் எடுத்த ஒரு பிடி மண்ணால் ஆதிபிதா ஆதம் (அலை) அவர்கள் படைக்கப்பட்டார்கள். ஆகவே, அவர்தம் மக்கள் நிறத்தில் வேறுபட்டதைப் போன்றே, மென்மையானவர், கடினமானவர் என இயல்பிலும் வேறுபட்டனர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியருளினார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இச்செய்தி காணப்படுகிறது. வண்டலில் நெல் விளைகிறது. செம்மண்ணில் கடலை விளைகிறது. மண்ணின் குணமறியாது விதைப்பவன் மண்ணைப் பழிப்பதில் பயனில்லை.

பண்டைய கிரேக்க மருத்துவர்கள் மனித இயல்பை நான்காக வகுத்தனர். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கில் எது மிகுந்துள்ளதோ அதற்கேற்ப ஒருவர் உற்சாகமுடையவராகவோ, அமைதியானவராகவோ, சினம் மிக்கவராகவோ, கவலை மிக்கவராகவோ இருப்பார் என்பது அவர்தம் கொள்கை. இஸ்லாமிய மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன்' என்னும் பெருநூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். யூனானி மருத்துவர்கள் 'மிஜாஸ்' என்று வழங்குவதும் இதுவே. இந்நான்கு நீர்களே குணத்துக்குக் காரணம் என்பதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. எனினும், நோயாளியின் தன்மையறிந்து மருந்து கொடுத்த அவர்களின் கவனம் போற்றத்தக்கது. சொல்லும் மருந்து போன்றதே. அளவறிந்தும் ஆளறிந்தும் தரப்பட வேண்டும்.

இக்கலையில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு நமக்கு நிறைந்த வழிகாட்டியாகும்.

நாணமுடையவரிடம்

ஒரு நாள் அண்ணலார் தமது இல்லத்தில் போர்வை போர்த்திப் படுத்திருந்தார்கள். ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் அனுமதி பெற்று வந்து, தம் காரியத்தைப் பேசி முடித்துச் சென்றார்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களும் அவ்வாறே வந்து சென்றார்கள். இருவரிடமும் அண்ணலார் படுத்த நிலையிலேயே பேசினார்கள். அடுத்து ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் அனுமதி கேட்டபோதோ எழுந்து ஒழுங்காக அமர்ந்து கொண்டார்கள். மற்ற இருவருக்கும் இல்லாத இந்தக் கவனம் இவருக்கு மட்டும் ஏன் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னர் வினவினார்கள். உஸ்மான் மிகுந்த நாணமுடையவர். தம்மைப் படுத்த நிலையில் கண்டால் வந்த தேவையைச் சொல்லாமலே திரும்பிவிடுவார் என்று அஞ்சியதாக அண்ணலார் பதிலளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

வந்தவர் வாய் திறந்து பேசுவதற்கேற்ற சூழ்நிலையை அமைப்பது கேட்பவரின் கடமை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. நம் பணியிடங்களில் நடப்பதென்ன? கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்த இளம் எழுத்தர் மேலதிகாரியின் அறை வாயில்வரை இருமுறை சென்று திரும்பி விடுகிறார். மூன்றாம் முறை உள்ளே சென்றால், தலைநிமிராமலே "என்ன?" என்ற அதட்டல் வருகிறது. சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்று விடுகிறது. பிழை தணிக்கையின்போது வெளிப்படுகையில், "முன்பே ஏன் சொல்லவில்லை?" என்று அவர் மீதே பழி விழுகிறது. இயந்திரத்தில் கேட்ட மாறுபட்ட ஓசையை ஒரு தொழிலாளி கூச்சத்தினால் சொல்லாமல் விட்டால் கை போகலாம், உயிரும் போகலாம். மேலதிகாரி நிமிர்ந்து அமர்ந்து முகம் பார்த்துக் கேட்டிருந்தால், இத்துன்பத்தைத் தவிர்த்திருக்க முடியும்.

பொருளும் நம்பிக்கையும்

ஒரு முறை அண்ணலாரிடம் வந்த பொருள்களைச் சிலருக்கு வழங்கி, சிலருக்கு வழங்காமல் விட்டார்கள். பெறாதவர்கள் மனம் வருந்திய செய்தி அவர்களை எட்டியது. உடனே மக்கள் முன்னிலையில் காரணத்தை விளக்கினார்கள். உள்ளத்தில் பதற்றமும் பொறுமையின்மையும் உள்ளவர்களுக்குத் தாம் கொடுப்பதாகவும், இறைவன் உள்ளத்தில் வைத்த நிறைவையும் நன்மையையும் நம்பிச் சிலரை விட்டுவிடுவதாகவும், விடப்பட்டவரே தமக்கு அதிகப் பிரியமானவர் என்றும் கூறி, அத்தகையோரில் ஒருவராக அம்ர் இப்னு தஃக்லிப் (ரலி) அவர்களின் பெயரைக் குறிப்பிட்டார்கள். அச்சொல்லுக்கு ஈடாக விலையுயர்ந்த செந்நிற ஒட்டகங்கள் கிடைப்பதையும் தாம் விரும்பவில்லை என்று அம்ர் அவர்கள் மகிழ்ந்தார்கள்.

ஒருவருக்குக் கையில் தரும் பொருள் ஊக்கமளிக்கிறது. மற்றொருவருக்குத் தம்மை நம்புகிறார்கள் என்ற ஒரு சொல் போதுமானதாகிறது. ஆனால், உழைப்பின் கூலியை மறுப்பதற்கு எவரும் இதனை ஆதாரமாக்கலாகாது. இங்கு பேசப்பட்டது அன்பளிப்பு, கூலியோ உரிமை. வியர்வை உலருமுன் அதனைக் கொடுத்துவிடப் பணித்தவர்களும் அண்ணலாரே. வருத்தம் எழுந்ததும் மௌனம் சாதிக்காமல் விளக்கமளித்தார்கள் என்பதையும் நிருவாகப் பொறுப்பிலிருப்போர் கருத்தில் கொள்ள வேண்டும்.

மென்மையும் கடுமையும்

ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) மென்மையான உள்ளம் படைத்தவர்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) உறுதியும் கடுமையும் மிக்கவர்கள். கலீஃபா அபூபக்கர் அவர்கள் கடுமை மிக்க காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களைப் படைத்தலைவராக வைத்திருந்தார்கள். உமர் அவர்கள் கலீஃபாவானதும் அப்பொறுப்பை மென்மையான அபூ உபைதா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஒருவரின் இயல்பை மற்றவரின் இயல்பு சமன்செய்யும் ஏற்பாடு இது என்று அறிஞர் இப்னு தைமிய்யா விளக்குகிறார். தம்மைப் போன்றவர்களையே தம்மைச் சுற்றி அமர்த்திக் கொள்ளும் முதலாளிகள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

எல்லாப் பொறுப்பும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. ஹஜ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் தமக்கு ஒரு பதவி வேண்டுமெனக் கேட்டபோது, அண்ணலார் அவர்தம் தோளில் தட்டி, அவர் அதற்கு வலுவற்றவர் என்றும், பதவி ஓர் அமானிதம் என்றும் எடுத்துரைத்தார்கள். அபூதர் அவர்களின் வாய்மையைப் பெரிதும் புகழ்ந்தவர்களும் அண்ணலாரே. மறுக்க வேண்டியதை மறைக்கவில்லை. மறுக்கும்போது அன்பின் கையை எடுத்துவிடவுமில்லை.

இயல்பு சாக்குப்போக்கு ஆகாது

"என் சுபாவம் அப்படி, மனத்தில் ஒன்றும் இல்லை" என்று கூறிக்கொண்டு பிறரைப் புண்படுத்துவோர் உண்டு. பிறருடைய இயல்பைப் பொறுத்துக் கொள்ளச் சொல்லும் மார்க்கம், நம்முடைய இயல்பை அடக்கியாளவும் சொல்கிறது. அறிவுரை கேட்டு வந்த ஒருவரிடம், கோபம் கொள்ளாதிருக்குமாறு அண்ணலார் கூறினார்கள். அவர் மீண்டும் மீண்டும் கேட்டபோதும் அதே அறிவுரையையே அளித்தார்கள். நபியவர்களின் மறைவுக்குப் பின், 632ஆம் ஆண்டில் சில கூட்டத்தார் ஜகாத் தர மறுத்தபோது, மென்மையான அபூபக்கர் அவர்களே பாறையென உறுதியாக நின்றார்கள். கண்டிப்பான உமர் அவர்களோ தொடக்கத்தில் தயக்கம் காட்டினார்கள். கடமை அழைக்கும்போது மனிதன் தன் இயல்புக்கு மேலே எழ முடியும் என்பதற்கு இது சான்று.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் தொழிலாளர் ஆட்டுத் தோலையும் எருமைத் தோலையும் ஒரே கால அளவு சுண்ணாம்பில் ஊற வைப்பதில்லை. தோலுக்குக் காட்டும் அந்த நிதானத்தை மனிதருக்குக் காட்டலாகாதா? விரைவானவரிடம் செய்தியைச் சுருங்கச் சொல்வோம். நிதானமானவருக்கு முன்கூட்டிச் சொல்லி அவகாசம் தருவோம். கூச்சமுடையவரைத் தனியே அழைத்துக் கேட்போம். சினம் மிக்கவரிடம் சினம் தணிந்த பிறகு பேசுவோம். எவரையும் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தாதிருப்போம்.

உடன் பணிபுரிபவரின் உள்ளத்தைச் சொல்லால் காயப்படுத்துவது அடியார் உரிமையைச் சார்ந்த கடனாகும். காயம்பட்டவர் மன்னிக்காதவரை அக்கடன் நம் மீதே நிற்கும். நபியவர்கள் கடுகடுப்பும் கடின உள்ளமும் கொண்டவர்களாக இருந்திருந்தால் மக்கள் அவர்களை விட்டு விலகிப் போயிருப்பர் என்று திருமறையின் மூன்றாம் அத்தியாயம் நினைவூட்டுகிறது. நபிக்கே அவ்வாறெனில், நாம் எம்மாத்திரம்? ஆளறிந்து, அன்பறிந்து பேசும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.