கியூப் டெஸ்ட் சொல்லாத கதை: பழைய டயர் கம்பியும் கான்கிரீட்டும்

டயர் என்றாலே நமக்கு ரப்பர்தான் ஞாபகம் வரும். ஆனா ஒரு லாரி டயரின் எடையில் சுமார் கால் பங்கு ஸ்டீல். கார் டயரில் கொஞ்சம் கம்மி. அதுவும் லேசுப்பட்ட ஸ்டீல் கிடையாது. நாம ஸ்லாபுக்குக் கட்டுற எஃப்.இ.500 கம்பி 500 மெகாபாஸ்கலில் ஈல்டு ஆகிவிடும். டயருக்குள் இருக்கும் மெல்லிய கம்பியை அறுக்க 2000 மெகாபாஸ்கலுக்கு மேல் வேணும். தடிமன் என்னவோ 0.2 மி.மீ. பக்கம்தான், தையல் நூல் மாதிரி.

டயர் ரோட்டில் தேய்ந்து போகலாம், உள்ளே இருக்கும் கம்பி தேய்வதில்லை. அதை உருக்கி மறுபடியும் ஸ்டீல் ஆக்குவதற்கு நிறைய எனர்ஜி செலவாகும். உருக்காமல் அப்படியே துண்டுகளாகக் கான்கிரீட்டில் போட்டால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் டயர் ஸ்டீல் ஃபைபர் கான்கிரீட்.

எதுக்கு ஃபைபர்?

கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையில் சொதப்பிவிடும். எம்25 கான்கிரீட்டின் அமுக்க வலிமை 25 மெகாபாஸ்கல். ஐ.எஸ். 456 ஃபார்முலாவில் போட்டால் அதன் ஃப்ளெக்சுரல் ஸ்ட்ரெங்த் வெறும் 3.5. அதைத் தாண்டினால் விரிசல், அப்புறம் பட்டென்று இரண்டு துண்டு.

மண் சுவர் கட்டும்போது வைக்கோலை மிதித்துக் கலப்பாங்க இல்லையா, அதே ஐடியாதான் இங்கேயும். விரிசல் விழும்போது அதன் குறுக்கே நிற்கும் கம்பித் துண்டுகள் இரண்டு பக்கத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். விரிசல் அகலமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபைபரும் உராய்ந்துகொண்டே உருவி வெளியே வரணும். அந்த உராய்வுக்குச் செலவாகும் எனர்ஜிதான் நமக்கு லாபம். ஃபைபர் அறுந்து போனால் இந்த லாபம் கிடைக்காது. அதனால்தான் அறுகாத அளவுக்கு வலுவான டயர் கம்பி இந்த வேலைக்குப் பொருத்தமா இருக்கு.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். 0.2 மி.மீ. தடிமன், 20 மி.மீ. நீளம் உள்ள ஒரு டயர் ஃபைபரின் எடை சுமார் 5 மில்லிகிராம். அப்படின்னா ஒரு கிலோவில் 2 லட்சம் ஃபைபர். ஃபேக்டரியில் செய்து வரும் 1 மி.மீ. தடிமன், 60 மி.மீ. நீள ஃபைபர் என்றால் கிலோவுக்கு 2,700 தான். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 30 கிலோ போட்டால், முதல் வகையில் 60 லட்சம் ஃபைபர், இரண்டாவதில் சுமார் 81 ஆயிரம். எண்ணிக்கை அதிகமானால் ஃபைபர்களுக்கு இடையே இடைவெளி குறையும். விரிசல் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்போதே ஒரு ஃபைபரில் போய் முட்டிக்கொள்ளும். ஆனா விரிசல் நன்றாக அகலமானபின் 20 மி.மீ. குட்டி ஃபைபர் சீக்கிரம் உருவிவிடும். அப்போது முனை வளைந்த நீளமான ஃபைபர்தான் கை கொடுக்கும். இரண்டையும் கலந்து போட்டால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும்.

கியூப் டெஸ்ட் ஏன் பத்தாது?

இந்த டாபிக்கில் ப்ராஜெக்ட் எடுக்கும் பல டீம் நேராகப் போவது கியூப் டெஸ்டுக்குத்தான். 28 நாள் தண்ணியில் ஊறப்போட்டு, மெஷினில் வைத்து உடைத்து, எத்தனை சதவீதம் கூடியது என்று ஒரு பார் சார்ட். வித்தியாசம் பெரிதாக இருக்காது. சிலருக்குக் குறையக்கூடச் செய்யும். உடனே முடிவுரையில் "பெரிய பயன் இல்லை" என்று எழுதிவிடுகிறோம்.

கேட்ட கேள்வியே தப்புங்க. இந்த அளவு ஃபைபர் முதல் விரிசல் வரும் லோடைப் பெரிதாக மாற்றாது. விரிசல் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் மாற்றும். அதை அளக்க ஈ.என். 14651 என்ற ஐரோப்பிய டெஸ்ட் இருக்கிறது. 150 மி.மீ. சதுரக் குறுக்குவெட்டு, 550 மி.மீ. நீளமுள்ள பீம். அடியில் நடுவே 25 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. நடுவில் லோடு கொடுத்து, வெட்டின் வாய் 0.5, 1.5, 2.5, 3.5 மி.மீ. திறக்கும்போது பீம் இன்னும் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பாங்க. சாதா கான்கிரீட் இதில் முதல் படியிலேயே அவுட். ஃபைபர் பீம் விரிசலோடயே லோடு தாங்கி நிற்கும். டிசைனுக்கு வேண்டிய நம்பர் அங்கேதான் கிடைக்கும்.

இடியாப்பச் சிக்கல்

நிஜமான சிக்கல் ஃபைபரைத் தயார் பண்ணுவதில். டயரை அரைத்து, காந்தத்தால் கம்பியைப் பிரித்தால் நேராக நமக்கு வேண்டிய ஃபைபர் வந்துவிடாது. ஒன்று 5 மி.மீ., இன்னொன்று 80 மி.மீ., எல்லாம் சுருண்டு, ரப்பர் துணுக்கு ஒட்டி, இடியாப்பம் மாதிரி வரும். அப்படியே மிக்சரில் கொட்டினால் பந்து பந்தாகக் கட்டிக்கொள்ளும். பந்துக்குள் சிமெண்ட் பேஸ்ட் போகாது. வலுவுக்காகப் போட்ட கம்பியே ஓட்டையாகிவிடும். ஒட்டியிருக்கும் ரப்பர் பிடிப்பையும் குறைக்கும். டயரைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் பைராலிசிஸ் பிளாண்டிலிருந்து வரும் கம்பியில் ரப்பர் இருக்காது, ஆனால் கரி படிந்திருக்கும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிப்ரோஸ் பிலாகூட்டாஸ் குழு பல வருஷமாக இதில்தான் மெனக்கெட்டது. ரப்பரை நீக்கி, ரொம்பக் குட்டையானதையும் ரொம்ப நீளமானதையும் தள்ளி, நீளத்தை ஒரு அளவுக்குள் கொண்டுவந்த பிறகுதான் ரிசல்ட் நிலையாக வந்தது. 2006-இல் தொடங்கிய ஈக்கோலேன்ஸ் திட்டத்தில் இந்த ஃபைபரை ரோலரால் இறுக்கும் கான்கிரீட் ரோடுகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2014-இல் தொடங்கிய அனாகெனிசி திட்டம், கம்பியோடு டயரின் ரப்பரையும் துணி நூலையும் கூடக் கான்கிரீட்டுக்குக் கொண்டுவர முயன்றது.

எங்கே போடலாம்?

தரையில் படுத்திருக்கும் ஸ்லாப், குடோன் தளம், கான்கிரீட் ரோடு, டன்னல் சுவரில் பீய்ச்சியடிக்கும் ஷாட்கிரீட். இங்கெல்லாம் இழுவை எந்தத் திசையில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கும் ஃபைபர் அதற்குச் சரி. ஃபைபர் கான்கிரீட் ரோடுக்கு நம்ம நாட்டிலேயே ஐ.ஆர்.சி. எஸ்.பி. 46 என்ற வழிகாட்டி இருக்கிறது.

வீட்டு பீமில் கம்பியை எடுத்துவிட்டு இதைப் போடலாமான்னு கேட்டால், கூடாது. பீமில் இழுவை எங்கே வரும் என்று நமக்குத் தெரியும், அங்கே முழுநீளக் கம்பி செய்யும் வேலையைச் சிதறிய ஃபைபர் செய்யாது. கம்பியைக் கொஞ்சமாவது குறைக்க நினைத்தாலும் ஃபிப் மாடல் கோட் 2010 இரண்டு நிபந்தனை வைக்கிறது. 0.5 மி.மீ. திறப்பில் மிஞ்சும் வலிமை, முதல் விரிசல் வலிமையில் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கணும். 2.5 மி.மீ. திறப்பில் மிஞ்சுவது, 0.5-இல் இருந்ததில் பாதிக்கு மேல் இருக்கணும். கியூப் ரிசல்டை வைத்து இந்த இரண்டையும் காட்டவே முடியாது.

2022 விதிகளின்படி, இந்தியாவில் டயர் தயாரிக்கும் கம்பெனிகளுக்கே பழைய டயர் மறுசுழற்சிப் பொறுப்பும் இருக்கிறது. கம்பி கிடைக்கும், கிடைத்துக்கொண்டே இருக்கும். அடுத்த வருஷம் இதை ப்ராஜெக்டாக எடுக்கும் ஜூனியர்ஸ், மிக்ஸ் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி ஃபைபரை மேஜையில் கொட்டி ஸ்கேலால் அளந்து, எந்த நீளத்தில் எத்தனை என்று ஒரு டேபிள் போடுங்க. ஒட்டியிருக்கும் ரப்பரைச் சுரண்டி எடை பாருங்க. கியூபோடு நாலு பீமும் வாருங்க. உங்க ரிப்போர்ட்டில் மத்தவங்க எடுத்துப் பயன்படுத்தும் பக்கங்கள் அவைதான்.