ஐம்பது யானைகளும் ஒரு பிடி உப்பும்

சர்க்கஸ் முதலாளி ஒருவரிடம் 50 யானைகள். எல்லாவற்றையும் கப்பலேற்றி அனுப்ப வேண்டும். மொத்த எடை உத்தேசமாகத் தெரிந்தால் போதும். யானையை எடை போடுவது லேசான காரியமா? ஒன்றை மட்டும் நிறுத்துச் சமாளிக்கப் பார்க்கிறார். மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவேட்டைப் புரட்டினால், கூட்டத்தின் சராசரி எடையோடு ஒத்துப்போவது சாம்போ. இன்றைக்கும் அப்படித்தான் என்கிறார் பயிற்சியாளர். சாம்போவை நிறுத்து 50-ஆல் பெருக்கினால் தீர்ந்தது.

தீரவில்லை. சர்க்கஸில் சம்பளத்துக்கு இருக்கும் புள்ளியியல் நிபுணர் குறுக்கே வருகிறார். ஆளைப் பார்த்துப் பொறுக்கினால் அது மாதிரியே ஆகாது, குலுக்கித்தான் எடுக்க வேண்டும் என்கிறார். கடைசியில் ஒரு சமரசம்: சாம்போ வருவதற்கான நிகழ்தகவு 99/100, மற்ற 49 யானைகளுக்கும் தலா 1/4900. கூட்டிப் பாருங்கள், 1 வரும். குலுக்கலில் சாம்போவே வருகிறது. முதலாளி 50-ஆல் பெருக்கப் போகிறார். நிபுணர் மறுபடி தடுக்கிறார். விதிப்படி, நிறுத்த எடையை அந்த யானை வருவதற்கான நிகழ்தகவால் வகுக்க வேண்டும். சாம்போ 4,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், 99/100-ஆல் வகுக்க 4,040 கிலோ. ஐம்பது யானைகளும் சேர்ந்து நான்கு டன்தான்! குலுக்கலில் 5,000 கிலோ எடையுள்ள ஜம்போ என்ற இன்னொரு யானை வந்திருந்தால் 4,900-ஆல் பெருக்க வேண்டும், 24,500 டன். நிபுணருக்கு வேலை போனது.

இந்தக் கதையை 1971-ல் எழுதியவர் தேபபிரத பாசு, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி.ஆர். ராவிடம் ஆய்வு செய்து முனைவரானவர். வேடிக்கை என்னவென்றால், விதியில் தப்பே இல்லை. லட்சக்கணக்கான முறை குலுக்கி, வரும் விடைகளின் சராசரியைப் பார்த்தால் உண்மையான மொத்த எடைக்கு வந்து சேரும். பிளஸ் டூ மாணவர் ‘கணித எதிர்பார்ப்பு’ என்று போடும் கணக்கு இதுதான். ஆனால் தனித்தனியாக ஒவ்வொரு விடையும் அபத்தம். முதலாளியோ ஒரே ஒரு தடவைதான் குலுக்கப்போகிறார். பக்கச்சாய்வு இல்லை என்ற ஒரு தகுதியை மட்டும் வைத்து ஒரு முறையை மெச்சிவிட முடியாது என்பதைப் பாடப்புத்தகம் இவ்வளவு பச்சையாகச் சொல்வதில்லை.

பாசு இப்படிக் கிண்டலடிக்கக் காரணம் உண்டு. அவர் படித்த நிறுவனம், 1931-ல் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் பிரசிடென்சி கல்லூரியின் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. பிறகு பாரக்பூர் டிரங்க் ரோட்டில், பராநகருக்குப் போனது. சென்னை பிரசிடென்சியில் படித்த எஸ்.ஆர்.எஸ். வரதன் முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் இங்கேதான். 2007-ல் ஏபெல் பரிசு பெற்றவர் அவர். தேற்றங்களுக்குப் பேர்போன இடம்தான். ஆனாலும் அது ஆளானது சணல் வயல்களில்.

வங்காளத்தில் எவ்வளவு சணல் விளையும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்வது அன்றைக்குப் பெரும் பணம் சம்பந்தப்பட்ட விஷயம். மகலனோபிஸ் 1937 முதல் மாதிரிக் கணக்கெடுப்புகளைச் சிறிய அளவில் நடத்திப் பார்த்து, பிறகு மாகாணம் முழுவதற்கும் விரித்தார். 1940-களில் ஒரு பருவத்துக்கு அவருடைய மதிப்பீடு 75.4 லட்சம் பேல். வயல் வயலாகப் போய் அரசு எடுத்த முழுக் கணக்கு 63.04 லட்சம். கடைசியில் சுங்கத்திலும் வியாபாரத்திலும் பதிவானது 75.62 லட்சம். எல்லாவற்றையும் எண்ணியவர்கள் தோற்றார்கள். கொஞ்சம் எண்ணியவர்கள் ஜெயித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களை அவசரமாக வேலைக்கு எடுத்தால் அவர்கள் எழுதுவதை யார் சரிபார்ப்பது? சிறிய குழுவுக்குப் பயிற்சி கொடுக்கலாம், மேற்பார்வை செய்யலாம். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, விடைகளை ஒப்பிடும் வழக்கத்தையும் மகலனோபிஸ் கொண்டுவந்தார்.

அறுவடையில் இன்னொரு சிக்கல். வயலில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே இருக்கும் பயிரை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். வட்டம் சிறிதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகவே வந்தது. விளிம்பில் நிற்கும் செடி உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வந்தால், அறுப்பவர் கை உள்ளே இழுத்துவிடுகிறது. வேண்டுமென்றே இல்லை. சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாக அறுத்தாலே, 2 அடி ஆரமுள்ள வட்டத்தில் பரப்பு 17 சதவீதம் ஏறிவிடும். 16 அடி ஆரத்தில் 2 சதவீதம்தான். வட்டங்களின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் இந்தப் பிழை குறையாது என்பதுதான் இதில் விஷமம். தற்செயல் பிழைதான் கூட்டத்தில் கரையும். ஒரே பக்கம் சாயும் பிழை அப்படியே நிற்கும்.

சாய்வு எந்தப் பக்கம் என்று ஊகிக்க முடிந்தால் அதையே பயன்படுத்தவும் செய்யலாம். 1947 கலவரத்தில் டெல்லி செங்கோட்டையில் ஏராளமானோர் தஞ்சம் புகுந்தனர். அவர்களுக்கு உணவு கொடுத்த ஒப்பந்ததாரர்களின் பில்கள் ஏறிக்கொண்டே போயின. உள்ளே எத்தனை பேர்? முகாமுக்குள் போகாமலே சொல்ல வேண்டும். ராவ் தன் புத்தகத்தில் பதிவுசெய்திருக்கும் சம்பவம் இது. கல்கத்தா நிறுவனத்தோடு நெடுங்காலம் தொடர்புடைய ஜே.எம். சென்குப்தா கையாண்ட வழி எளிமையானது: பில்லில் உள்ள அளவை, ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சாப்பிடும் அளவால் வகுப்பது. அரிசி, பருப்பு, உப்பு மூன்றும் ஒரே எண்ணிக்கையைத் தர வேண்டும். தரவில்லை. அரிசி சொன்ன எண்ணிக்கைதான் மிக அதிகம், உப்பு சொன்னது மிகக் குறைவு. அரிசியைக் கூட்டி எழுதினால் லாபம் உண்டு. அன்றைய விலையில் உப்பைக் கூட்டி எழுதி என்ன கிடைக்கும்? சென்குப்தா உப்பை நம்பினார். ஹுமாயூன் கல்லறையில் இருந்த இதைவிடச் சிறிய முகாமில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, உண்மையான எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்தது.