பிளாஸ்டிக்கில் மின்சாரம்!

தவறிப் பிறந்த வெள்ளித் தாளின் கதை

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ளது, சாமளாபுரம். விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஊர்.

தறி ஓட வேண்டுமா? மின்சாரம் வேண்டும். பனியன் தைக்க வேண்டுமா? அதற்கும் மின்சாரம் வேண்டும். அதனால்தான் திருப்பூர் வட்டாரத்தில் பல ஆலைக் கூரைகளில் சோலார் தகடுகள் மின்னுகின்றன.

இவை பெரும்பாலும் சிலிக்கனால் ஆனவை. மேலே கண்ணாடி இருக்கும். கனம் அதிகம். வளைத்தால் உடையும்.

துணியைப்போல் சுருட்டி வைக்கும் தகடு இருந்தால்? எந்தக் கூரையிலும் விரித்துவிடலாமே!

"நடக்கிற காரியமா?" என்று கேட்கிறீர்களா? ஆய்வுக்கூடத்தில் நடந்துவிட்டது! அதற்கு வழி திறந்தது ஒரு தவறு.

பாலிமர் என்றால் என்ன?

சிறு சிறு துணுக்குகள் சங்கிலிபோல் கோத்து நீண்டிருப்பதே பாலிமர். பருத்தி நூல் ஒரு பாலிமர். பாலியெஸ்டரும் அப்படியே. பிளாஸ்டிக் பையும் பாலிமர்தான்.

இவற்றில் மின்சாரம் ஓடாது. அதனால்தான் மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள்.

ஆயிரம் மடங்கு!

1967-ம் ஆண்டு. ஜப்பான் நாட்டு டோக்கியோ தொழில்நுட்பக் கழகம். அங்கே ஷிரகாவா என்ற இளம் ரசாயன விஞ்ஞானி வேலை பார்த்தார். வயது 31.

அவர் அசிட்டிலீன் வாயுவைப் பாலிமர் ஆக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கறுப்புத் தூள்தான் கிடைக்கும்.

ஒருநாள், உடன் இருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் அளவை மாற்றிப் போட்டுவிட்டார். வினையைத் தூண்டும் மருந்து, வேண்டியதைப்போல் ஆயிரம் மடங்கு விழுந்துவிட்டது!

தூள் வரவில்லை. வெள்ளிபோல் பளபளக்கும் மெல்லிய தாள் மிதந்தது!

ஷிரகாவா அதைக் கொட்டிவிடவில்லை. "இது ஏன் வந்தது?" என்று ஆராய்ந்தார்.

பின்னர் டோக்கியோ வந்த மெக்டயார்மிட் என்ற விஞ்ஞானி அந்தத் தாளைப் பார்த்தார். வியந்தார். ஷிரகாவாவை அமெரிக்காவுக்கு அழைத்தார். அங்கே ஹீகர் என்ற விஞ்ஞானியும் சேர்ந்தார்.

தாளில் அயோடின் ஆவியைப் படவிட்டார்கள். மின்சாரம் ஓடும் திறன் 1 கோடி மடங்கு கூடியது!

காரணம் என்ன? ஆள் நிறைந்த பஸ்ஸில் யாரும் நகர முடியாது. ஒருவர் இறங்கினால் மற்றவர்கள் நகரலாம். அயோடின், சங்கிலியில் இருந்து சில எலெக்ட்ரான்களை இறக்கிவிட்டது. மற்றவை ஓடத் தொடங்கின.

1977-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். 2000-ம் ஆண்டில் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வெயில் பட்டதும்...

சாயம் தோய்த்த துணி நிறமாகத் தெரிவது ஏன்? வெளிச்சத்தில் ஒரு பகுதியைச் சாயம் விழுங்கிவிடுகிறது. மீதிதான் கண்ணில் படுகிறது.

இந்தப் புதிய பாலிமர்களில் பலவும் அப்படியே ஒளியை விழுங்குகின்றன. விழுங்கியதும் எலெக்ட்ரான் துள்ளி எழும். அதைச் சட்டென்று பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

பிடிப்பது யார்? கால்பந்து வடிவில் உள்ள ஒருவகைக் கரித் துணுக்கு பிடித்துக்கொள்ளும்! ஹீகர் குழுவினர் 1992-ல் இதைக் காட்டினார்கள். பிடித்த எலெக்ட்ரானைக் கம்பி வழியே ஓடவிட்டால், அதுதான் மின்சாரம்.

இன்று ஆய்வுக்கூடத்தில் செய்யும் சிறு துண்டுகள், மேலே படும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றுகின்றன. ஒளியை விழுங்கும் படலமோ, தலைமுடியின் பருமனில் பல நூறில் ஒரு பங்குதான்!

எமன் யார்?

அப்படியானால் ஏன் இன்னும் நம் கூரைக்கு வரவில்லை?

சாயப்பட்டறைக்காரரைக் கேளுங்கள். "வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும்" என்பார். இதற்கும் அதே கதிதான்! ஒளியும் காற்றும் ஈரமும் சேர்ந்து சங்கிலியை அரிக்கின்றன. எந்த வெயில் சோறு போடுகிறதோ, அந்த வெயிலே எமன்!

சிலிக்கன் தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அதனோடு பாலிமர் போட்டியிட வேண்டும்.

இந்தத் துறையில் இறங்கும் இளம் விஞ்ஞானிகளுக்கு இதுதான் பெரிய சவால். விளக்கு வெளிச்சத்தில் துணியை வைத்துச் சாயம் நிற்கிறதா என்று திருப்பூரில் சோதிப்பார்கள் அல்லவா? அதேபோல் இவர்களும் பாலிமரை விளக்கடியில் வைக்கிறார்கள். மணிக்கணக்கை எழுதுகிறார்கள். வெளுத்தால், சங்கிலியில் ஒரு துணுக்கை மாற்றி மறுபடியும் செய்கிறார்கள்.

பத்து தடவை தோற்கலாம். நூறு தடவையும் தோற்கலாம். ஆனால், தோற்றதைக் கொட்டிவிடுமுன் "ஏன்?" என்று கேட்க வேண்டும். ஷிரகாவா கேட்டார். வெள்ளித் தாள் கிடைத்தது!